முள்வேலி முகாமில் உருவான பயிற்சி, மனசுக்கு மருந்தானது எப்படி? யார் இந்த ஜோசப் பிலாட்டீஸ்?

இன்ஸ்டாகிராம் ரீல்ஸைத் திறந்தாலே போதும். ஸ்பிரிங் மாட்டிய நீளமான மெஷின்மேல் படுத்துக்கொண்டு, சினிமா பிரபலங்கள் காலை நீட்டி மடக்கும் வீடியோ ஒன்றாவது கண்ணில் படும். கூடவே 'பிலாட்டீஸ்' என்று ஒரு ஹேஷ்டேக். தமிழில் பைலேட்ஸ், பிலேட்ஸ் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். உச்சரிப்பு என்று பார்த்தால் பிலாட்டீஸ்தான்.

வயிறு தட்டையாகணும், முதுகு நேராகணும் என்பதற்காகச் செய்யும் காஸ்ட்லி உடற்பயிற்சி, அவ்வளவுதானே என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பிலாட்டீஸ் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜிம் கலாசாரமே இல்லாத காலத்தில், போர்க்கால முகாம் ஒன்றில் முள்வேலிக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர் அவர். சுற்றியிருந்தவர்களின் மனசு கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துபோவதைக் கண்ணால் பார்த்தவர்.

தன் பயிற்சிக்கு அவர் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரில் உடம்புக்கு இருந்த அதே இடம் மனசுக்கும் இருந்தது. அவர் இறந்து 50 ஆண்டுகளுக்குப் பிறகுதான், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இந்தப் பயிற்சி உதவுகிறதா என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் தரவுகளைத் திரட்டிப் பதில் தேடினார்கள்.

யார் இந்த ஜோசப் பிலாட்டீஸ்? அவர் சொன்னதில் எது உண்மை, எது கதை? விரிவாகப் பார்க்கலாம்.

நோஞ்சான் பையன்

ஜோசப் ஹூபர்டஸ் பிலாட்டீஸ் 1883 டிசம்பர் 9ஆம் தேதி ஜெர்மனியின் மென்ஷன்கிளாட்பாக் நகரில் பிறந்தார். அப்பா உலோகத் தொழிலாளி, ஜிம்னாஸ்டிக்ஸில் ஆர்வம் உள்ளவர். ஆனால் பையனோ சீக்காளி. ஆஸ்துமா, எலும்பு வளைவு நோயான ரிக்கெட்ஸ், மூட்டுவாதக் காய்ச்சல் என்று சின்ன வயதிலேயே ஒன்றன்பின் ஒன்றாக நோய்கள்.

போதாக்குறைக்கு அந்தப் பெயர். இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த பொந்தியு பிலாத்துவின் பெயரோடு முடிச்சுப் போட்டு, பள்ளிப் பையன்கள் அவரைக் கிண்டலடித்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

மூச்சு வாங்கும் உடம்பு, தெருவில் இறங்கினால் கேலி. இப்படி வளரும் பிள்ளைகள் ஒதுங்கிப்போவது சகஜம். இந்தப் பையன் எதிர்த் திசையில் போனான். உடற்கூறியல் படங்களைப் பார்த்து எந்தத் தசை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டான். ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை, பாடி பில்டிங் என்று எதையும் விடவில்லை. பதின்ம வயதிலேயே, உடற்கூறு வரைபடங்களுக்கு மாடலாக நிற்கும் அளவுக்கு உடம்பு தேறியது என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று.

பிறந்தபோது கிடைத்த உடம்போடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்ட வேண்டியதில்லை, கவனத்தோடு பழக்கினால் அது நம் சொல்பேச்சு கேட்கும் என்பதை அவர் தன் உடம்பிலேயே கண்டுகொண்டார். பின்னாளில் அவர் உருவாக்கிய எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

இங்கிலாந்து போனார், கைதியானார்

1912 வாக்கில் பிலாட்டீஸ் இங்கிலாந்துக்குப் போனார். குத்துச்சண்டை, சர்க்கஸ், தற்காப்புப் பயிற்சி என்று கிடைத்த வேலையைச் செய்து பிழைத்தார். வயது முப்பதைத் தொட்டிருந்தது.

1914இல் முதல் உலகப் போர் வெடித்தது. பிரிட்டனில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் ஒரே நாளில் 'எதிரி நாட்டவர்' ஆனார்கள். லண்டன் ஓட்டல்களில் சப்ளையராக இருந்தவர்கள், முடிதிருத்துபவர்கள், மாலுமிகள், குமாஸ்தாக்கள் என்று துப்பாக்கியையே தொட்டிராத ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. 1915 மே மாதம் லூசிடானியா கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்த பிறகு, மக்களின் கோபம் கட்டுக்கடங்காமல் போனது. கைதுகளும் அதிகமாகின.

பிலாட்டீஸும் தப்பவில்லை. முதலில் லங்காஸ்டரில் அடைக்கப்பட்டார். பிறகு 1915இல், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவுக்கு மாற்றப்பட்டார். அங்கே அவருக்காகக் காத்திருந்தது நாக்கலோ முகாம்.

நாக்கலோ: 23,000 பேர், ஒரே முள்வேலி

தீவின் மேற்குக் கரையில், பீல் என்ற சிறிய ஊருக்கு அருகே இருந்த பண்ணை நிலம்தான் நாக்கலோ. சுமார் 5,000 பேருக்கு என்று தொடங்கிய முகாம், போகப்போக 23,000 பேருக்கும் மேல் அடைபட்ட மரக்குடில் நகரமாக மாறியது. சரக்கு கொண்டுவரவே தனி ரயில் பாதை போட வேண்டியிருந்தது என்றால் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

அங்கே சித்திரவதை நடந்ததா? இல்லை. சாப்பாடு இருந்தது, கூரை இருந்தது. கைதிகள் நாடகம் போட்டார்கள், இசைக்குழு நடத்தினார்கள், பத்திரிகைகூட அச்சடித்தார்கள். பிரச்னை வேறு இடத்தில் இருந்தது.

சாதாரணக் கைதிக்குத் தண்டனைக் காலம் தெரியும். நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வரலாம். இவர்கள் எந்தக் குற்றமும் செய்யாததால், தண்டனைக் காலம் என்ற ஒன்றே இல்லை. போர் எப்போது முடியுமோ, அப்போதுதான் விடுதலை. அது அடுத்த மாதமா, அடுத்த வருஷமா, யாருக்கும் தெரியாது. பலரின் மனைவியும் பிள்ளைகளும் பிரிட்டனில் தனியாகக் கிடந்தார்கள். குடும்பம் வந்து பார்க்க வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டும்.

இன்னொரு கொடுமையும் இருந்தது. தூங்கும்போது, சாப்பிடும்போது, அழும்போதுகூடப் பக்கத்தில் யாராவது இருந்துகொண்டே இருப்பார்கள். தனியாக இருக்க ஒரு மூலைகூடக் கிடையாது.

'முள்வேலி நோய்' என்றால் என்ன?

இப்படி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போனால் மனித மனசு என்ன ஆகும்? அதற்கு அந்தக் காலத்திலேயே ஒரு பெயர் வைத்தார்கள்: முள்வேலி நோய்.

போர்க்கால முகாம்களை நேரில் ஆய்வு செய்த அடால்ஃப் லூகாஸ் விஷர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர், 1918இல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே வெளியிட்டார். அடுத்த ஆண்டு அது ஆங்கிலத்திலும் வந்தது. அவர் பட்டியலிட்ட அறிகுறிகளைப் படித்தால் இன்றைய மனநல மருத்துவர்களுக்கும் புதிதாகத் தோன்றாது:

- சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவது
- எதிலும் கவனம் நிற்காமல் போவது, புத்தகத்தில் ஒரு பக்கம்கூடத் தொடர்ந்து படிக்க முடியாத நிலை
- தெரிந்த பெயர்களும் ஊர்களும் மறந்துபோவது
- தூக்கமின்மை
- பக்கத்தில் இருப்பவர்மேல் காரணமே இல்லாத சந்தேகம்
- எதிலும் ஆர்வமில்லாத வெறுமை

சுதந்திரம் பறிபோனது, எப்போது முடியும் என்று தெரியாதது, எந்நேரமும் கூட்டத்தின் நடுவிலேயே இருப்பது. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்துதான் மனதைச் சாய்க்கின்றன என்று அவர் விளக்கினார். சுருக்கமாகச் சொன்னால், தன் வாழ்க்கையில் எதுவுமே தன் கையில் இல்லை என்ற நிலை.

இதைப் புரிந்துகொண்டவர்கள் முகாமிலும் இருந்தார்கள். குவேக்கர் கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த ஜேம்ஸ் பெய்லி, கைதிகளுக்காகத் தச்சுப் பட்டறைகளும் கைவினைப் பட்டறைகளும் அமைத்தார். கைக்கு வேலை இருந்தால் மனசு நிற்கும் என்பது அவர் கணக்கு. பிலாட்டீஸ் வேறொரு கருவியைக் கையில் எடுத்தார். முகாமில் யாராலும் பறிமுதல் செய்ய முடியாத ஒரே சொத்து அது: ஆளாளுக்குச் சொந்தமான உடம்பு.

முகாமில் என்ன செய்தார்?

பிலாட்டீஸ் தன்னோடு இருந்தவர்களுக்குத் தரையில் செய்யும் பயிற்சிகளைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். எடை தூக்க இரும்பு கிடையாது, ஓட மைதானமும் தாராளமாகக் கிடையாது. ஒரு மனிதன் படுக்கும் அளவு இடம் போதும் என்பதுதான் அந்தப் பயிற்சிகளின் அமைப்பு. இன்று உலகம் முழுக்க 'மேட் பிலாட்டீஸ்' என்று செய்யப்படுவதன் விதை அங்கே விழுந்தது.

இந்தக் காலத்தைச் சுற்றிச் சுவாரசியமான கதைகள் உண்டு. முகாமில் திரிந்த பூனைகள் எப்படி உடம்பை நீட்டி முறிக்கின்றன என்று உட்கார்ந்து கவனித்தார் என்பது ஒன்று. எழுந்திருக்க முடியாத நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங்குகளைக் கட்டி, படுத்தபடியே கைகால்களை இயக்க வைத்தார் என்பது இன்னொன்று. 1918இல் உலகையே உலுக்கிய இன்ஃப்ளுயன்ஸா தொற்றில், அவரிடம் பயின்ற ஒருவர்கூடச் சாகவில்லை என்பது மூன்றாவது.

மூன்றாவது கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. உடற்பயிற்சி செய்தால் தொற்றுநோய் அண்டாது என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. பிலாட்டீஸ் தன் வேலையைத் தானே விளம்பரம் செய்துகொள்ளத் தயங்காத ஆள். கதைகள் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போயின.

கதைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. நாள் முழுக்க அடுத்தவர் உத்தரவுக்குக் காத்திருக்கும் ஒருவர், அரை மணி நேரம் தன் மூச்சையும் முதுகெலும்பையும் தானே இயக்குகிறார். எப்போது மூச்சை இழுப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் அவர் முடிவு. எதுவுமே கையில் இல்லாத இடத்தில், அந்த அரை மணி நேரம் மட்டும் அவர் கையில் இருந்தது.

ஜெர்மனி டூ அமெரிக்கா

போர் 1918 நவம்பரில் முடிந்தது. ஆனால் விடுதலை உடனே கிடைக்கவில்லை. 1919இல்தான் பிலாட்டீஸ் ஜெர்மனி திரும்பினார்.

ஹாம்பர்க் நகரில் போலீஸாருக்குப் பயிற்சி கொடுத்தார். நவீன நடனத்தின் முன்னோடிகளில் ஒருவரான ருடால்ஃப் லாபனின் வட்டத்தோடும் பழக்கம் ஏற்பட்டது. ராணுவத்துக்குப் பயிற்சி தரச் சொல்லி வந்த அழுத்தம் பிடிக்காமல் நாட்டைவிட்டுக் கிளம்பினார் என்று சொல்வார்கள். 1926இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

அந்தப் பயணத்தில்தான் கிளாரா என்ற பெண்ணைச் சந்தித்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் தகவல். கடைசிவரை அவருடைய வாழ்க்கைத் துணையும் தொழில் துணையும் கிளாராதான்.

எட்டாவது அவென்யூ ஸ்டுடியோ

நியூயார்க்கில் எட்டாவது அவென்யூ, 939ஆம் எண் கட்டிடம். பிலாட்டீஸும் கிளாராவும் சேர்ந்து தொடங்கிய ஸ்டுடியோ இங்கேதான் இருந்தது. பக்கத்திலேயே நடனப் பள்ளிகள். அடிபட்ட நடனக் கலைஞர்கள் ஒவ்வொருவராகப் படியேறி வர ஆரம்பித்தார்கள்.

நடன உலகின் ஜாம்பவான்களான ஜார்ஜ் பாலன்சினும் மார்த்தா கிரஹாமும் தங்கள் கலைஞர்களை இவரிடம் அனுப்பினார்கள். ஓபரா பாடகி ராபர்ட்டா பீட்டர்ஸ் மூச்சையும் உடம்பையும் பழக்க வந்தார். 1930களின் இறுதியிலிருந்து, டெட் ஷான் நடத்திய ஜேக்கப்ஸ் பில்லோ நடன மையத்திலும் கோடைக்காலங்களில் பிலாட்டீஸ் வகுப்பெடுத்தார்.

ஸ்டுடியோவில் அவர் உருவாக்கிய மெஷின்கள் நிறைந்திருந்தன. ஸ்பிரிங் இழுவிசையில் முன்னும் பின்னும் நகரும் ரிஃபார்மர், கட்டில்போல இருக்கும் கேடிலாக், நாற்காலி வடிவ உண்டா சேர். 1927இல் தன் கருவி ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார். ரீல்ஸில் பார்க்கும் அந்த ஸ்பிரிங் மெஷின் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஆள் எப்படி? கொஞ்சம் முரட்டு ஆசாமி. ஸ்டுடியோவில் ஒரு கால்சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வெற்றுடம்போடு நிற்பார். சொன்னபடி செய்யாவிட்டால் சத்தம் போடுவார். நுரையீரலைப் பற்றி மணிக்கணக்கில் பாடம் எடுத்துவிட்டு, தானே சுருட்டைப் பற்றவைத்துக்கொள்வார்.

கிளாரா அப்படியே எதிர். அமைதியானவர், பொறுமைசாலி. யாருக்கு என்ன வலி, இன்றைக்கு யாரால் எவ்வளவு முடியும் என்று பார்த்து, பயிற்சியை அதற்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுப்பார். மனசு சோர்ந்து வருபவர்களுக்கு ஆறுதலாக இருந்தவர் பல நேரங்களில் கிளாராதான். பிலாட்டீஸ் முறை பிழைத்ததில் பாதிப் பங்கு இவருடையது என்று சொன்னால் மிகையில்லை.

ஈவ் ஜென்ட்ரியின் கை

அந்த ஸ்டுடியோவில் நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஈவ் ஜென்ட்ரி என்ற நடனக் கலைஞர், 1950களில் மார்பகப் புற்றுநோய்க்காகப் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மார்போடு சேர்த்து நெஞ்சுத் தசைகளையும் நீக்கிவிடும் சிகிச்சை அது. கையைத் தூக்கவே முடியவில்லை. நடனமே வாழ்க்கையாக இருந்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்?

பிலாட்டீஸோடு சேர்ந்து மாதக்கணக்கில் பயிற்சி செய்தார். கை மேலே எழுந்தது. மறுபடியும் முழுமையாக இயங்கும் நிலைக்கு வந்தார். பின்னாளில் இந்த முறையைக் கற்றுக்கொடுக்கும் முக்கியமான ஆசிரியர்களில் ஒருவராகவும் ஆனார். போனது திரும்பாது என்று நினைத்த ஒன்று, தன் முயற்சியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவதைப் பார்ப்பது மனசுக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்பதற்கு இவரே சாட்சி.

அவர் வைத்த பெயர் என்ன?

தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'காண்ட்ராலஜி'. கட்டுப்பாட்டுக் கலை என்று தமிழில் சொல்லலாம். யாரோ நம்மைக் கட்டுப்படுத்துவது என்று அர்த்தமில்லை. தன்னைத் தானே ஆள்வது.

1934இல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் நவீன வாழ்க்கையின் வேகமும் பதற்றமும் மனிதர்களைத் தின்றுகொண்டிருக்கின்றன என்று கோபமாகவே எழுதினார். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் அடுத்த புத்தகம் வந்தது. காண்ட்ராலஜி மூலம் வாழ்க்கைக்குத் திரும்புவது என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். தரையில் செய்யும் 34 பயிற்சிகள் அதில் இருக்கின்றன.

உடல், மனம், ஆன்மா மூன்றும் ஒருங்கிணைந்து இயங்குவதுதான் தன் முறை என்று அந்தப் புத்தகத்தில் விளக்கினார். எத்தனை தடவை செய்கிறோம் என்பதைவிட எவ்வளவு கவனத்தோடு செய்கிறோம் என்பதே முக்கியம் என்பது அவர் நிலைப்பாடு. ஆயிரம் முறை மனம்போன போக்கில் செய்வதைவிட, சில முறை முழுக் கவனத்தோடு செய்தால் போதும்.

'நூறு' பயிற்சி: ஏன் மனசு அலையாது?

அந்த 34இல் முதல் பயிற்சியின் பெயரே 'நூறு'. மல்லாந்து படுத்து, தலையையும் கால்களையும் லேசாக உயர்த்தி, இரண்டு கைகளையும் உடம்புக்குப் பக்கத்தில் மேலும் கீழும் சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். ஐந்து அசைவுக்கு மூச்சை இழுக்கணும், அடுத்த ஐந்துக்கு விடணும். இப்படிப் பத்துச் சுற்று. மொத்தம் நூறு அசைவு.

பார்க்க ஈஸிதான். செய்து பார்த்தால்தான் தெரியும். வயிறு தளரக் கூடாது, கழுத்து இறுகக் கூடாது, மூச்சு எண்ணிக்கை தவறக் கூடாது. இத்தனையையும் கவனிக்கும்போது, ஆபீஸ் சண்டையையோ இஎம்ஐ கவலையையோ நினைக்க மூளைக்கு நேரமே கிடைக்காது. நினைத்தால் எண்ணிக்கை தவறிவிடும்.

டிரெட்மில்லில் ஓடிக்கொண்டே கவலைப்படலாம். இதில் அது கொஞ்சம் கஷ்டம். தியானம் செய்ய உட்கார்ந்தால் மனசு நிற்கவில்லை என்று புலம்புபவர்களுக்கு, கவனத்தைக் கட்டிப்போட ஒரு கயிறு மாதிரி இது உதவுகிறது.

ஏமாற்றத்தோடு முடிந்த வாழ்க்கை

பிலாட்டீஸின் கனவு பெரியது. பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தன் முறையைக் கற்றுக்கொடுக்க வேண்டும், மருத்துவமனைகள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டார். தனிப்பட்ட முறையில் சில மருத்துவர்கள் ஆதரித்தார்களே தவிர, மருத்துவ உலகம் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பட்டம் இல்லாத, சண்டைக்கார ஜிம் மாஸ்டர் என்றுதான் பார்த்தது. தன் காலத்தைவிட 50 ஆண்டு முன்னால் இருப்பதாக அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

1966இல் ஸ்டுடியோ இருந்த கட்டிடத்தில் தீப்பிடித்தது. 80 வயதைத் தாண்டிய மனுஷன், எரிந்த இடத்துக்குள் புகுந்து தன் பொருட்களைக் காப்பாற்றப் பார்த்தார் என்று கதை உண்டு. 1967 அக்டோபர் 9ஆம் தேதி, 83 வயதில் காலமானார். நுரையீரலை மெல்ல அரிக்கும் எம்ஃபிசிமா நோய் இருந்தது. வாழ்நாள் முழுக்க மூச்சைப் பற்றிப் பேசியவரின் மூச்சை, அந்தச் சுருட்டும் சேர்ந்து பறித்துக்கொண்டது.

பெரிய சொத்து கிடையாது, முறையான அமைப்பு கிடையாது, வாரிசு என்று யாரையும் அறிவிக்கவும் இல்லை.

பிறகு எப்படி உலகம் முழுக்கப் பரவியது?

மாணவர்கள்தான் காரணம். ஸ்டுடியோவை முதலில் கிளாராவும், பிறகு ரோமானா கிரிஷனோவ்ஸ்காவும் நடத்தினார்கள். கேத்தி கிராண்ட், லோலிடா சான் மிகேல் இருவரும் 1967இல் முறைப்படி சான்றிதழ் பெற்றார்கள். மார்த்தா கிரஹாமிடம் நடனமாடிய ரான் ஃபிளெட்சர், குடிப்பழக்கத்தோடு போராடி மீண்டவர். 1970களில் பெவர்லி ஹில்ஸில் ஸ்டுடியோ திறந்து, ஹாலிவுட்டுக்கு இதை அறிமுகப்படுத்தினார்.

இன்னொரு மாணவி மேரி போவன். இவர் உளவியல் மேதை யுங்கின் வழியில் வந்த மனப் பகுப்பாய்வாளர். 1959இல் பிலாட்டீஸிடம் சேர்ந்தவர், பிறகு மனநல ஆலோசனையையும் இந்தப் பயிற்சியையும் கூடவே கொண்டுபோனார். உடம்பும் மனசும் வேறு வேறு துறை இல்லை என்று பிலாட்டீஸ் சொன்னதை, தன் தொழிலாகவே வாழ்ந்து காட்டினார்.

1980இல் பிலிப் ஃபிரீட்மன், கெய்ல் ஐசன் ஆகியோர் எழுதிய புத்தகம் இந்த முறையின் கொள்கைகளைத் தொகுத்தது. ஒருமுகப்படுத்தல், கட்டுப்பாடு, உடலின் மையம், துல்லியம், மூச்சு, தடையற்ற ஓட்டம் என இன்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்லும் ஆறும் அதன் வழியாகத்தான் பரவின. முதலாவதே மனசு சம்பந்தப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டு அக்டோபரில் இன்னொரு திருப்பம். பிலாட்டீஸ் என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில், யோகா, கராத்தே மாதிரி இதுவும் ஒரு பயிற்சி முறையின் பொதுப் பெயர்தான், யாரும் தனி உரிமை கொண்டாட முடியாது என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகுதான் ஊருக்கு ஊர் பிலாட்டீஸ் ஸ்டுடியோக்கள் முளைத்தன.

அறிவியல் என்ன சொல்கிறது?

சரி, மனசுக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் இருக்கா?

அயர்லாந்தின் லிமரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதுவரை நடந்த கட்டுப்பாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிலாட்டீஸ் செய்தவர்களிடம் மனச்சோர்வு, பதற்றம், களைப்பு ஆகியவற்றின் அறிகுறிகள் குறைந்தன, உற்சாகம் கூடியது என்பது அதன் முடிவு.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்தத் தொகுப்பில் இருந்தவை வெறும் 8 ஆய்வுகள். பெரும்பாலும் எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களோடுதான் ஒப்பிட்டார்கள். நடைப்பயிற்சியைவிட, யோகாவைவிட இதுதான் சிறந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நல்ல அறிகுறி, இன்னும் பெரிய ஆய்வுகள் தேவை. அவ்வளவுதான் நேர்மையான பதில்.

மனசுக்கு எப்படி உதவுகிறது?

மூச்சு: பதற்றத்தில் மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடும். மூச்சை எண்ணி மெதுவாக விடும்போது, உடம்பை அமைதிப்படுத்தும் நரம்பு மண்டலம் வேலை செய்ய ஆரம்பிக்கும். இதயத் துடிப்பும் நிதானமாகும்.

கவனம்: ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப மெல்லும் பழக்கம், மனச்சோர்வுக்கு எண்ணெய் ஊற்றுவது மாதிரி. உடம்பின் நுணுக்கமான அசைவைக் கவனிப்பது அந்தச் சுழற்சியை உடைக்கிறது.

தன்னம்பிக்கை: போன வாரம் முடியாத அசைவு இந்த வாரம் முடிகிறது. சின்ன வெற்றிதான். ஆனால் எதுவும் என் கையில் இல்லை என்று நினைப்பவருக்கு அது பெரிய விஷயம்.

வலி: நாள்பட்ட முதுகுவலி இருப்பவர்களுக்கு மனச்சோர்வு வருவது சகஜம். வலி குறைந்தால் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் மனசு தெளியும்.

வீட்டிலேயே தொடங்குவது எப்படி?

மெஷின் வாங்கணும், மாசாமாசம் ஃபீஸ் கட்டணும் என்ற அவசியம் இல்லை. பிலாட்டீஸின் புத்தகத்தில் இருக்கும் 34 பயிற்சிகளுக்கும் தரையும் விரிப்பும் போதும்.

முதல் வாரம் மூச்சு மட்டும் பழகலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் வையுங்கள். இரண்டு கைகளையும் விலா எலும்பின் பக்கவாட்டில் வையுங்கள். மூக்கால் இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரிந்து கையைத் தள்ள வேண்டும். வாயால் மெதுவாக விடும்போது வயிறு லேசாக உள்ளே போக வேண்டும். பத்து முறை செய்தால் போதும். பிறகு 'நூறு' பயிற்சியைக் கால்களைத் தூக்காமல், தலையையும் தரையிலேயே வைத்துச் செய்து பார்க்கலாம்.

வயது வந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பிலாட்டீஸ் இரண்டாவது வகைக்குப் பொருந்தும். நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு இதற்கு மாற வேண்டாம், சேர்த்துச் செய்யலாம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

எலும்புத் தேய்மானம், டிஸ்க் பிரச்னை, சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. முன்பக்கம் சுருண்டு எழும் சில பயிற்சிகள், எலும்பு பலவீனமானவர்களுக்கு ஆபத்தாக முடியலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். பிலாட்டீஸ் மனநல சிகிச்சைக்கு மாற்று கிடையாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் ஆர்வமில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் உடனே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாப்பிடும் மாத்திரையை யார் சொன்னாலும் தானாக நிறுத்தக் கூடாது. இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் இலவச டெலி மனாஸ் உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

நாக்கலோவில் இன்று முள்வேலி இல்லை. மரக்குடில்கள் போய், நிலம் மறுபடி வயலாகிவிட்டது. எப்போது முடியும் என்று தெரியாத கவலையும், எதுவும் கையில் இல்லை என்ற தவிப்பும் மட்டும் வேறு வேறு வடிவத்தில் எல்லா வீட்டுக்கும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கடன், வேலை, பரீட்சை, நோய் என்று வேலிக்குப் பெயர்தான் மாறுகிறது. அந்த வேலியை உடற்பயிற்சி உடைத்துவிடாது. ஆனால் நாளில் ஒரு அரை மணி நேரத்தையாவது நம் கைக்குத் திருப்பித் தரும். ஜோசப் பிலாட்டீஸ் முகாமிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தது அதைத்தான்.